மலைச்சாலையில் பூத்திருப்பது சூரியகாந்தி அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில், கோத்தகிரி மலைப்பாதையில் எடுக்கப்பட்ட வண்ணப்படம் ஒன்று அரைப்பக்க அளவில் வெளியாகியிருந்தது. சாலையோரச் சரிவு முழுவதும் மஞ்சள் பூக்கள் நிறைந்திருக்க, அதன் அடியில் ‘நீலகிரியில் பூத்துக் குலுங்கும் சூரியகாந்தி’ என்று அச்சிடப்பட்டிருந்தது. பனி விலகும் வேளையில் எடுக்கப்பட்ட அந்தப் படம் மிக அழகானது. அதற்காக விடியற்காலையில் காத்திருந்த புகைப்படக் கலைஞரை மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் அந்தச் சரிவில் சூரியகாந்திச் செடி ஒன்றுகூடக் கிடையாது. அங்கே பூத்திருப்பது மெக்சிகன் சூரியகாந்தி என்று அழைக்கப்படும் டித்தோனியா டைவர்சிஃபோலியா என்ற வேறொரு செடி. பெயரின் வாலில் சூரியகாந்தி ஒட்டிக்கொண்டிருந்தாலும், எண்ணெய்க்காக நாம் பயிரிடும் சூரியகாந்திக்கும் அதற்கும் பேரினமே வேறு.

இது சிறு பிழைதானே, இதற்கு ஒரு கடிதமா என்று தாங்கள் நினைக்கக்கூடும். அந்தப் படம் வெளியான அன்று மாலையே தென்காசிப் பக்கத்திலிருந்து என் அண்ணன் மகன் தொலைபேசியில் அழைத்தான். நான்கு ஏக்கரில் சூரியகாந்தி போடுகிறவன் அவன். “அத்தை, உங்க மலையில தண்ணி பாய்ச்சாம, மருந்து அடிக்காம, ஆள் உயரத்துக்கு மேல வளர்ந்து நிக்குதே, அது என்ன ரகம்? விதை கிடைக்குமா?” என்று கேட்டான். படத்தோடு வந்த செய்தியில், அந்தப் பூக்களின் விதையிலிருந்து எண்ணெய் எடுக்கலாம் என்றும் எழுதியிருந்ததால், அவன் கேட்டதில் தவறில்லை. நான் விளக்கிச் சொன்ன பிறகுதான் ஆசையைக் கைவிட்டான். சொல்ல ஆளில்லாத எத்தனை விவசாயிகள் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து வைத்திருப்பார்களோ என்ற கவலையில்தான் இதை எழுதுகிறேன்.

முப்பது ஆண்டுகள் அரசு மேல்நிலைப் பள்ளிகளில் தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். பிறந்தது சுரண்டை வட்டாரத்துக் கிராமம் ஒன்றில். பணியின் பிற்பகுதியும் ஓய்வுக்காலமும் கோத்தகிரியில். ஆடி மாதம் ஊருக்குப் போனால், குற்றாலச் சாரல் காற்று வீசும் அந்த நாள்களில் சுந்தரபாண்டியபுரம் சாலையின் இருபுறமும் உண்மையான சூரியகாந்தி வயல்கள் விரிந்திருக்கும். அவற்றைப் பார்ப்பதற்கென்றே கேரளத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வருவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் இங்கே மழை ஓய்ந்து வெயில் எட்டிப் பார்க்கும்போது, தேயிலைத் தோட்டங்களின் ஓரங்களிலும் கொண்டை ஊசி வளைவுகளிலும் டித்தோனியா மஞ்சள் போர்த்திக்கொள்ளும். இரண்டையும் ஆண்டு தவறாமல் பார்த்துவருவதால், இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டை வாசகர்களுக்கு எளிதாகச் சொல்ல முடியும் என்று நம்புகிறேன்.

மாணவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது ஒன்றே: பூவின் முகத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், திருப்பி முதுகைப் பாருங்கள். இதை நான் எந்தப் பாடநூலிலும் கற்கவில்லை. என் தந்தையாரிடம் கற்றேன். எங்கள் கரிசல் நிலத்தில் அவர் முதன்முதலாகச் சூரியகாந்தி போட்டபோது நான் எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். சூரியகாந்தி எண்ணெய்ப் பயிராக நம் நாட்டுக்கு வந்ததே 1969ஆம் ஆண்டில்தான். சோவியத் நாட்டிலிருந்து வந்த பெரிடோவிக் முதலிய ரகங்களே நம்மவர்கள் முதலில் விதைத்தவை. பழக்கமில்லாத பயிர் என்பதால், எப்போது அறுப்பது என்று ஊரில் யாருக்கும் தெரியவில்லை. வேளாண்மை அலுவலர் வந்து, கொண்டையைக் கவிழ்த்துப் பிடித்து, அதன் பின்புறம் பச்சை மாறி எலுமிச்சம்பழ மஞ்சளாக ஆகும்போது அறுங்கள் என்று காட்டிக்கொடுத்தார். அன்று முதல் அப்பா வயலுக்குள் போனால் ஒரு பூவின் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டார்; வரப்போரமாகவே நடந்து, ஒவ்வொரு கொண்டையாக முகவாயைத் தூக்குவதுபோல் திருப்பி, கட்டைவிரலால் அதன் முதுகை அழுத்திப் பார்த்துக்கொண்டே போவார். அந்தக் கைப்பழக்கம்தான் பிற்காலத்தில் எனக்குத் தாவரவியலாகக் கைகொடுத்தது.

மலைச்சாலையில் நிற்கும் டித்தோனியாப் பூவொன்றை அதே போலத் திருப்பிப் பாருங்கள். பூவுக்கு நேர் கீழே காம்பு, குழல் வாத்தியத்தின் முனைபோலப் படிப்படியாகப் பருத்திருக்கும். விரலால் அழுத்தினால் அமுங்கும். நகத்தால் கீறிப் பிளந்தால் உள்ளே வெற்றிடம். தண்டிலிருந்து வரும்போது மெலிந்திருக்கும் காம்பு, பூவைத் தொடுவதற்கு முன் இப்படி உப்பிக்கொள்வது டித்தோனியாவுக்கே உரிய அடையாளம். சூரியகாந்தியின் காம்பை அழுத்தினால் அமுங்காது. கையில் சுரசுரவென்று முரட்டு மயிர் உரசும். ஒடித்தால் உள்ளே வெண்மையான நெட்டி நிறைந்திருக்கும். இரவில் கண்ணை மூடிக்கொண்டு தொட்டுப் பார்த்தாலும் இந்த ஒன்றை வைத்து இரண்டையும் பிரித்துச் சொல்லிவிடலாம். பார்வையற்ற மாணவி ஒருத்தி என் வகுப்பில் படித்தாள். கண்ணுள்ள பிள்ளைகள் தடுமாறிக்கொண்டிருந்தபோது, காம்பைத் தடவிப் பார்த்து ஒரு தவறும் இல்லாமல் அத்தனையையும் பிரித்துவைத்தவள் அவள்தான்.

காம்புக்கு அடுத்தபடி பூவடிச் செதில்கள். பூவின் பின்புறத்தில் அடுக்கடுக்காக இருக்கும் பச்சை நிறச் சிற்றிலைகளையே அப்படிச் சொல்கிறோம். சூரியகாந்தியில் அவை அகன்று தொடங்கி, நுனியில் சட்டென்று சுருங்கி வால்போல நீண்டு முடியும். ஓரம் நெடுக மயிர்கள் இமைபோல வரிசையாக நிற்கும். டித்தோனியாவிலோ உள்ளடுக்குச் செதில்களின் நுனி வட்டமாக மழுங்கி, மீன் செதிலை அடுக்கியதுபோல ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். இதைப் பார்க்க ஒரு சாதாரண உருப்பெருக்கிக் கண்ணாடி போதும். கண் நன்றாகத் தெரிகிறவர்களுக்கு அதுகூட வேண்டாம்.

இலையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. சூரியகாந்தி இலை அகன்ற இதய வடிவம்; பிளவு கிடையாது. டித்தோனியா இலை பெரும்பாலும் மூன்றாகவோ ஐந்தாகவோ பிளந்து விரல் விரித்த கைபோல் இருக்கும். அதே செடியில் பிளவே இல்லாத இலைகளும் இருக்கும். டைவர்சிஃபோலியா என்ற சொல்லுக்குப் பொருளே பலவித இலைகளைக் கொண்டது என்பதுதான். செடியின் பருவமும் வேறு. சூரியகாந்தி விதைத்து மூன்று, மூன்றரை மாதத்தில் வாழ்வை முடித்துக்கொள்ளும். 1753இல் லின்னேயஸ் அதற்கு ஹீலியாந்தஸ் ஆன்னுவஸ் என்று பெயரிட்டபோது, ஆன்னுவஸ் என்று அவர் சேர்த்த சொல் ஓராண்டுச் செடி என்பதையே குறிக்கிறது. மலைச்சாலையில் நிற்பதோ பல்லாண்டு வாழும் புதர். வெட்டிப்போட்டாலும் அடிக்கட்டையிலிருந்து துளிர்க்கும். ஈரமண்ணில் விழுந்த தண்டுத் துண்டுகூட வேர்பிடிக்கும்.

இங்கே பூ என்று நாம் சொல்வதைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சூரியகாந்தியும் டித்தோனியாவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டிலும் நாம் ஒற்றைப் பூ என்று பறிப்பது, பல சிறுமலர்கள் ஒரு தட்டில் அமர்ந்த சிரமஞ்சரி. ஓரத்தில் இதழ்போல் நீண்டிருக்கும் ஒவ்வொன்றும் ஒரு கதிர்ச் சிறுமலர். அவை விதை தருவதில்லை, வண்டுகளையும் தேனீக்களையும் அழைப்பதே அவற்றின் வேலை. நடுத்தட்டில் நெருக்கமாக இருக்கும் குழல் வடிவச் சிறுமலர்களே விதையாக மாறுகின்றன. அவை ஒரே நாளில் மலராமல், விளிம்பிலிருந்து நடுவை நோக்கி வட்டம் வட்டமாகச் சில நாள்களில் மலர்கின்றன. நல்ல சூரியகாந்திக் கொண்டையில் இவை ஆயிரத்தைத் தாண்டும். விதை முற்றியபின் பார்த்தால், ஒரு திசையில் 34, எதிர்த்திசையில் 55 என்று சுருள் வரிசைகள் இருக்கும். பெரிய கொண்டையில் 55, 89 என்று எண்ணலாம். எங்கள் வீட்டு முற்றத்தில் காயவைத்த கொண்டைகளில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு இவற்றை எண்ணிய மதியங்களை நான் இன்றும் மறக்கவில்லை. டித்தோனியாவில் ஓரக் கதிர்களே பத்துப் பன்னிரண்டுதான் இருக்கும், நடுத்தட்டும் சிறியது. எனவே படத்தில் முகம் மட்டுமே தெரியும்போதுகூட, கதிர்களை எண்ணிப் பார்த்தால் ஓரளவு ஊகிக்கலாம்.

விதையைக் கையில் எடுத்தால் ஐயமே வராது. டித்தோனியா விதை மெலிந்து சிறியதாக, தலையில் செதில்களால் ஆன சிறு மகுடத்தையும் அதிலிருந்து நீளும் இரண்டு ஊசி முனைகளையும் சுமந்திருக்கும். சூரியகாந்தி விதைக்கும் பூப்பருவத்தில் இரண்டு மெல்லிய செதில்கள் உண்டு. ஆனால் தொட்டவுடன் உதிர்ந்துவிடுவதால், கடையில் நாம் வாங்கும் விதை மொட்டையாக வழுவழுப்பாக இருக்கிறது.

சூரியனை நோக்கித் திரும்பும் செய்திக்கு வருகிறேன். பூத்த பூக்கள் நாள் முழுவதும் கதிரவனோடு திரும்பும் என்று தங்கள் செய்தியில் உள்ளது. இது உண்மையான சூரியகாந்திக்கே முழுதாகப் பொருந்தாது. மொட்டாக இருக்கும் இளம் பருவத்தில்தான் அதன் தலை காலையில் கிழக்கிலிருந்து மாலையில் மேற்குவரை திரும்பி, இரவில் மீண்டும் கிழக்குக்கு வந்து காத்திருக்கும். தண்டின் ஒரு பக்கம் பகலில் கூடுதலாகவும் மறுபக்கம் இரவில் கூடுதலாகவும் வளர்வதால் இது நிகழ்கிறது. பூ விரிந்து வளர்ச்சி நின்றபின் கொண்டை கிழக்கைப் பார்த்து நிலைத்துவிடுகிறது. கிழக்கு நோக்கிய பூக்கள் காலையில் விரைவாகச் சூடேறுவதால், மேற்கு நோக்கித் திருப்பிவைத்த பூக்களைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு தேனீக்களை ஈர்க்கின்றன என்று கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்டார்கள். இதைச் சுந்தரபாண்டியபுரத்தில் எவரும் நேரில் சோதிக்கலாம். மாலை நான்கு மணிக்கு மேல் வயலின் மேற்குப் பக்கம் போய் நின்றால், உங்களுக்குத் தெரிவது ஆயிரக்கணக்கான பச்சை முதுகுகள்தான். படம் எடுக்க மாலையில் வந்து ஏமாந்து திரும்புகிறவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். அடையாளம் காண விரும்புகிறவர்களுக்கு அதைவிட நல்ல இடம் வேறில்லை.

பெயர்க் குழப்பம் நமக்குப் புதிதல்ல. வட அமெரிக்காவில் பிறந்து, 16ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினுக்குக் கொண்டுவரப்பட்டு, 19ஆம் நூற்றாண்டில் ரஷ்யாவில் எண்ணெய்ப் பயிரான இந்தச் செடி சங்க காலத்துத் தமிழருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. எழும் ஞாயிற்றை எதிர்கொண்டு மலரும் பூவாக நம் பழம்புலவர்கள் பாடியது, தரையோடு படரும் நெருஞ்சியைத்தான். அதுவும் மஞ்சள் பூ. இரண்டையும் யாரும் குழப்பிக்கொள்ளாததற்குக் காரணம், இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் இருப்பதுதான். டித்தோனியாவுக்குத் தமிழில் தனிப் பெயர் நிலைபெறாததே இன்றைய சிக்கலின் வேர் என்று எனக்குத் தோன்றுகிறது. தாய்லாந்தில் மே ஹொங் சோன் மாகாணத்து மலையொன்று நவம்பரில் இதே டித்தோனியாவால் மஞ்சளாகிறது. மக்கள் திரளாகப் போய்ப் பார்க்கிறார்கள். அவர்கள் அதை புவா தோங், அதாவது பொன் தாமரை, என்று சொந்தப் பெயரால் அழைக்கிறார்கள். ஆகவே அங்கே யாரும் அதன் விதையைக் கொண்டுபோய் எண்ணெய்ச் செக்கில் கொடுக்க நினைப்பதில்லை.

இதே குழப்பத்தால் நானும் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். பணி ஓய்வுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், பள்ளித் தோட்டத்துக்காக ஒரு விதைக் கடையில் ‘சிவப்புச் சூரியகாந்தி’ என்று எழுதிய பொட்டலம் வாங்கினேன். பிள்ளைகள் பாத்தி கட்டி, தினமும் வாளியில் தண்ணீர் சுமந்து வளர்த்தார்கள். பூத்தபோது செக்கச் சிவந்த ஆரஞ்சு நிறத்தில் கண்ணைப் பறித்தது. ஒரு பிள்ளை பூவைத் திருப்பி, “டீச்சர், காம்பு உப்பியிருக்கு” என்றாள். அது டித்தோனியா ரொட்டண்டிஃபோலியா. மலைச்சாலைச் செடியின் சகோதர இனம், ஆனால் ஓராண்டுச் செடி. வண்ணத்துப்பூச்சிகள் அதை மொய்க்கும், அழகிலும் குறையில்லை. ஆனால் அந்த ஆண்டு பிள்ளைகள் செய்ய வேண்டிய சோதனை, சூரியகாந்தியின் இளம் தலை திரும்புவதை மணிக்கு ஒருமுறை குறித்துவைப்பது. அது நடக்கவில்லை. பாத்தியருகே அளவுகோலோடு நின்ற அந்த முகங்களை நினைத்தால், பொட்டலத்தின்மேல் ஒரு சொல் சரியாக எழுதப்படாததன் விலை எனக்கு விளங்குகிறது. கடைக்காரரிடம் கேட்டபோது, எல்லாம் சூரியகாந்திதானே அம்மா என்றார்.

உண்மையான சிவப்புச் சூரியகாந்தியும் இருக்கிறது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்துப் போல்டர் நகரில், 1910இல் வில்மாட் காக்கரெல் என்ற உயிரியல் ஆசிரியை தம் வீட்டுக்கு எதிரே சாலையோரத்தில், கதிர்களில் செம்மை படர்ந்த காட்டுச் சூரியகாந்திச் செடி ஒன்றைக் கண்டார். அதைத் தோட்டத்துக்குப் பெயர்த்து வந்து, பிற சூரியகாந்திகளோடு மகரந்தம் சேர்த்து, சிவப்பு வகைகளை உருவாக்கினார். மற்றவர்கள் பார்த்துவிட்டுப் போயிருக்கக்கூடிய ஒரு செடியை அவர் நின்று பார்த்ததால் கிடைத்தவை அவை. அந்தச் சிவப்புப் பூவைத் திருப்பினாலும் வால் நீண்ட செதில்களும் நெட்டி நிறைந்த காம்பும்தான் இருக்கும். நிறம் எதுவானாலும் அது ஹீலியாந்தஸ் ஆன்னுவஸ்தான்.

இனம் வேறு, ரகம் வேறு என்பதை இந்த இடத்தில் வாசகர்கள் மனத்தில் கொள்வது நல்லது. குள்ளமாக வளர்ந்து, நடுத்தட்டே தெரியாமல் மஞ்சள் பந்துபோலப் பூக்கும் டெடி பேர், பூக்கடைக்காரர்கள் மேசையில் தூள் கொட்டாதிருப்பதற்காக விரும்பும் மகரந்தமற்ற ரகங்கள், எங்கள் ஊரின் எண்ணெய் ரகங்கள், கொறிப்பதற்கான ரகங்கள் எல்லாமே ஒரே இனம். எண்ணெய் ரகத்தின் விதை சிறியது, கறுப்பு, மெல்லிய தோல், பருப்போடு ஒட்டியிருக்கும். கொறிக்கும் ரகத்தின் விதை பெரியது, வெள்ளைக் கோடு போட்டது, தடித்த தோல், குலுக்கினால் உள்ளே பருப்பு ஆடும். கடையில் கோடு போட்ட விதையைக் கிளிக்குத் தீனியாக வாங்கி, மீதத்தை வயலில் விதைத்துவிட்டு, எண்ணெய் காணவில்லை என்று வருந்தியவர்களும் எங்கள் பக்கத்தில் உண்டு.

ஹீலியாந்தஸ் பேரினத்திலோ ஐம்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் வட அமெரிக்காவில் இயற்கையாக வளர்கின்றன. மண்ணுக்கடியில் இஞ்சிபோல முண்டும் முடிச்சுமாகக் கிழங்கு வைக்கும் ஹீலியாந்தஸ் டியூபரோசஸ் அவற்றில் ஒன்று. ஜெருசலேம் ஆர்ட்டிசோக் என்று அதைச் சொல்கிறார்கள், ஆனால் அது ஜெருசலேமைச் சேர்ந்ததும் அல்ல, ஆர்ட்டிசோக்கும் அல்ல. நம் விவசாயிகளுக்கு மிக நெருக்கமானது இன்னொன்று: ஹீலியாந்தஸ் பெட்டியோலாரிஸ். புல்வெளிகளில் தானாக வளரும் இந்தச் சிறிய சூரியகாந்தி, சாதாரணப் பார்வைக்கு ஆன்னுவஸின் வாடிய குழந்தைபோல இருக்கும். செதில்கள் குறுகி ஈட்டிபோல இருப்பதும், தட்டின் நடுவில் வெண்ணிற மயிர்கள் தெரிவதும்தான் அடையாளம். பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர் லெக்லெர்க் இந்த இரண்டு இனங்களையும் கலந்து, மகரந்தம் உண்டாக்காத ஆண்மலட்டுச் சூரியகாந்தியை 1969இல் அறிவித்தார். அதன் வழியாகத்தான் வீரிய ஒட்டு விதைகள் சாத்தியமாயின. நம் நாட்டின் முதல் ஒட்டுச் சூரியகாந்தியான பி.எஸ்.எச்.-1 பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்திலிருந்து 1980இல் வந்தது. என் அண்ணன் மகன் இன்று பொட்டலம் பொட்டலமாக வாங்கும் விதைக்குப் பின்னால், ஒன்றுபோல் தோன்றும் இரண்டு மஞ்சள் பூக்களைப் பிரித்தறிந்த கண்கள் இருக்கின்றன.

பிரித்தறிவதுபோலவே உறவறிவதும் விவசாயிக்குப் பயன்படும். வெண்பூக்களோடு வழியெங்கும் முளைக்கும் பார்த்தீனியம், சூரியகாந்தியின் குடும்பத்தைச் சேர்ந்தது. பார்த்தீனியத்தை அழிக்க மெக்சிகோவிலிருந்து கொண்டுவரப்பட்டு 1984இல் பெங்களூரில் விடப்பட்ட ஒரு வண்டு, சில ஆண்டுகளில் சூரியகாந்தி இலைகளையும் கடிப்பதாகப் புகார் எழுந்தது. பார்த்தீனியத்தின் மகரந்தம் சூரியகாந்தி இலைகளில் படிந்திருந்ததே காரணம் என்று பின்னர் ஆய்வில் தெரிந்தது. 1997இல் கர்நாடகத்தின் பாகேபள்ளிப் பகுதியில் தொடங்கி மற்ற மாநிலங்களுக்கும் பரவிய சூரியகாந்திக் கருகல் நோயிலும் இதே உறவுதான்: நோய்க்குறி எதுவும் காட்டாமல் வைரஸைச் சுமப்பது பார்த்தீனியம், அதன் மகரந்தத்தோடு வைரஸை வயலுக்குக் கொண்டுவருவது இலைப்பேன். சூரியகாந்தியைச் சுற்றி வேலிபோல மூன்று நான்கு வரிசை சோளம் விதைக்கச் சொல்வது இதனால்தான். வரப்பில் நிற்பது எந்தச் செடி என்று தெரிந்தவருக்கே அந்த அறிவுரையின் அருமை புரியும்.

டித்தோனியாவை நான் பழிக்கவில்லை. அதன் இலை நல்ல பசுந்தாள் உரம். மேற்குக் கென்யாவில் நடந்த ஆய்வுகளில், காய்ந்த இலையில் தழைச்சத்து 3.5 சதவீத அளவிலும் சாம்பல்சத்து 4 சதவீத அளவிலும் இருந்தன. இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களிலும் அதை வெட்டி மண்ணில் போடும் வழக்கம் உண்டு. பூத்திருக்கும் காலத்தில் தேன்சிட்டுகளும் தேனீக்களும் அதைவிட்டு அகலுவதில்லை. ஆனால் மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் பிறந்த அந்தச் செடி இங்கே தன்னிச்சையாகப் பரவி, நெருக்கமான புதராக நின்று, அடியில் வேறு எதையும் தலைதூக்கவிடாமல் செய்கிறது. என் வீட்டுக்குக் கீழேயுள்ள சரிவில், பத்து ஆண்டுகளுக்கு முன் குறிஞ்சிப் புதர்களும் பெரணிகளும் இருந்த இடத்தில் இப்போது டித்தோனியா மட்டுமே நிற்கிறது. படத்தைப் பார்த்து அழகாயிருக்கிறதே என்று தண்டை ஒடித்துக் காரில் வைத்துக்கொண்டு போகிறவர்கள், சமவெளியில் ஓர் ஓடைக்கரையிலோ தோட்டத்திலோ அதை நட்டுவிட்டால், பிறகு அதை அகற்றுவது அவர்கள் கையில் இருக்காது.

எனவே தங்களிடம் மூன்று வேண்டுகோள்கள். கடந்த ஞாயிறு வெளியான படத்தின் பெயரைத் திருத்தி, அதே பக்கத்தில் வெளியிடுங்கள். எண்ணெய் பற்றிய வரியை அவசியம் நீக்கிச் சொல்லுங்கள், ஏனெனில் விதைப்புக் காலம் நெருங்குகிறது. இனிமேல் மஞ்சள் பூக்களின் படம் மலையிலிருந்து வந்தால், பூவின் பின்புறத்தையும் ஒரு படம் எடுத்து அனுப்பும்படி நிருபர்களிடம் சொல்லுங்கள்.

இந்த உறையில், பழுப்புத் தாளில் மடித்து இரண்டு காம்புகளை வைத்திருக்கிறேன். ஒன்று என் வீட்டுச் சரிவில் இன்று காலை பறித்தது. மற்றொன்று ஆடியில் ஊரிலிருந்து கொண்டுவந்து உலர்த்தி வைத்தது. தபாலில் வரும்போது மலைச்சாலைச் செடியின் காம்பு நிச்சயம் நசுங்கித் தட்டையாகியிருக்கும். ஊர்க் காம்பு கொடுத்தபடியே இருக்கும். தங்கள் அலுவலக நண்பர்கள் இரண்டையும் விரலால் ஒருமுறை அழுத்திப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை,
கோத்தகிரி.